ஈரத்தை ஆளும் கூடம்: வலியசாலையில் ஒரு மூத்த குயவருக்கான பட்டறை

மண்பாண்டத் தொழிலில் கைதேர்ந்த ஒருவருக்குப் பட்டறை கட்டித் தர வேண்டும் என்றால், பேச்சு பெரும்பாலும் சூளையில்தான் தொடங்குகிறது. எவ்வளவு பெரிய சூளை, என்ன எரிபொருள், புகைபோக்கி எத்தனை அடி, அக்கம்பக்கத்தார் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டு முடித்த பிறகு, மிஞ்சிய இடத்தில் சக்கரத்துக்கும் அலமாரிக்கும் மூலை ஒதுக்கப்படுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். குயவரின் உழைப்பு நேரத்தில் மிகப் பெரிய பங்கு ஈரத்தோடு கழிகிறது. மண்ணை ஊறவைப்பது, மிதிப்பது, வனைவது, பாதி உலர்ந்த பதத்தில் தட்டி உருவேற்றுவது, முழுக்கக் காயவைப்பது எல்லாமே ஈரம் படிப்படியாகக் குறைவதன் கட்டங்கள். சூளை ஒரு நாள் எரிந்து அடங்கிவிடும். அதற்கு முன்னால் ஒரு பானை பல நாட்கள் காற்றுக்கும் நிழலுக்கும் நடுவே காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்புக்கு நல்ல இடம் அமைத்துத் தருவதுதான் பட்டறை வடிவமைப்பின் முதல் வேலை. அப்படித் திட்டமிட்டால், சூளைக்கு இடமில்லை என்று ஒதுக்கப்படும் நெருக்கமான பழைய தெருக்களும் இத்தொழிலுக்கு உகந்தவையாகத் தெரியவரும். திருவனந்தபுரத்தின் வலியசாலை அப்படிப்பட்ட ஓர் இடம்.

கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைத்தெருவின் மறுமுனையை ஒட்டியிருக்கிறது வலியசாலை. காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சுற்றித் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அக்ரஹாரத் தெருக்கள் இவை. சுவரோடு சுவர் ஒட்டி, தெருப்பக்கம் ஒடுங்கி, கொல்லையை நோக்கி நீண்டு போகும் ஓட்டு வீடுகள் இத்தெருக்களின் அடையாளம். கல்வெட்டுகள் பேசும் காந்தளூர்ச் சாலை என்ற பழைய கல்விநிலையம் இந்தப் பகுதியில் இருந்தது என்று வரலாற்றாய்வாளர் பலர் கருதுகிறார்கள். ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்காக ஒரு சாலையை நிறுவியபோது, காந்தளூர்ச் சாலையின் நடைமுறையை முன்மாதிரியாகக் கொண்டதை அவனது செப்பேடு சொல்கிறது. இன்னொரு பக்கம், சற்றுத் தொலைவில் கிள்ளியாற்றங்கரையில் ஆற்றுகால் பகவதி கோயில் இருக்கிறது. மாசி மாதப் பொங்காலை நாளில், பெண்கள் பொங்கலிடும் அடுப்புகளாலும் மண்பானைகளாலும் நகரத்துத் தெருக்கள் நிறைந்துவிடும். 2009இல் 25 லட்சம் பெண்கள் கூடியதைக் கின்னஸ் புத்தகம் பதிவுசெய்திருக்கிறது. அந்தப் பானைகளில் பெரும் எண்ணிக்கை தமிழ்நாட்டிலிருந்து லாரிகளில் வந்திறங்குகிறது. சேர்ந்திருந்து கற்ற மரபின் நினைவும், மண்பானைக்கு இன்றும் உயிருள்ள தேவையும் இருக்கும் இந்தத் தெருக்களில் ஒரு குயவர் பட்டறை மட்டும் இல்லை.

மூத்த கலைஞர் என்று இங்கே சொல்வது வயதை மட்டும் வைத்து அன்று. கைவினைக்கான தேசிய விருது 1965 முதலும், அதற்கும் மேலான ஷில்ப் குரு விருது 2002 முதலும் ஒன்றிய அரசால் வழங்கப்படுகின்றன. இரண்டாவது விருதின் பெயரிலேயே ஆசிரியர் என்ற பொறுப்பு இருக்கிறது. கைதேர்ந்தவரின் பட்டறை அவர் ஒருவர் உட்கார்ந்து வனைவதற்கான அறையாக மட்டும் இருக்க முடியாது. பக்கத்தில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து அவர் விரலைப் பார்க்க வேண்டும். அவர்கள் கெடுத்த மண்ணை மீண்டும் குழைக்க வசதி வேண்டும். வாங்க வருபவர் செய்முறையைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஒருவர் வேலை செய்யத் தேவையான பரப்பைக் கணக்கிட்டு அதற்கு அறை கட்டும் வழக்கம், கலை அவரோடு நின்றுபோவதற்கு வழிவகுக்கிறது.

இதுவரை இருக்கும் வழிகள்

இந்தக் கேள்விக்கு உலகம் தந்திருக்கும் விடைகளை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, வீடும் முற்றமும் தெருவும் கலந்த குடியிருப்புப் பட்டறை. மானாமதுரையிலும் தமிழ்நாட்டின் மற்ற வேளார் (குயவர்) தெருக்களிலும் இதுவே வழக்கம். மண் வாசலில் குவிந்திருக்கும். திண்ணையிலும் தாழ்வாரத்திலும் பானைகள் காயும். சூளை சற்றுத் தள்ளிப் பொதுவாக இருக்கும். மும்பை தாராவியின் கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் இதே முறையை நெருக்கமான நகரத்துக்குள் கொண்டுவந்து, வீடுகளுக்கு நடுவேயுள்ள திறந்த வெளியில் சூளைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். இந்த முறையின் பெரிய பலம், வேலைக்கும் வாழ்க்கைக்கும் இடையில் தூரமே இல்லாதது. பானை மேல் எந்நேரமும் யாரோ ஒருவரின் கண் இருக்கும். வெயில் ஏறினால் வீட்டிலுள்ள கிழவியோ சிறுபிள்ளையோகூட அதை நிழலுக்கு நகர்த்திவைப்பார்கள். பலவீனமும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. களிமண் தூசியும் சூளைப் புகையும் தொட்டில் வரைக்கும் போகின்றன.

இரண்டாவது, சூளையை நடுவில் வைத்து வளர்ந்த கலைஞர் பட்டறை. பெர்னார்ட் லீச்சும் ஹமாதா ஷோஜியும் 1920இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் தொடங்கிய பட்டறை இதன் புகழ்பெற்ற வடிவம். நம் பக்கத்தில் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971இல் புதுச்சேரியில் நிறுவிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி அதற்கு இணையாகச் சொல்லத் தக்கது. அங்கே கற்றவர்கள் இன்று இந்தியா முழுவதும் பட்டறை நடத்துகிறார்கள். கட்டடக்கலையும் படித்த மீக்கர், பச்சைச் செங்கல்லால் வீட்டைக் கட்டி, உள்ளே தீமூட்டி வீட்டையே சூளையாகச் சுட்டெடுக்கும் சோதனைகளையும் 1980களில் செய்து பார்த்தார். இந்த மாதிரி வளமானது. ஆனால் அது விறகு அடுக்க மனையும், புகை கலைய வெளியும், கிட்டத்தில் அயல்வீடு இல்லாத சூழலும் கேட்கிறது. மூன்றாவது, கைவினைக் கிராமம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவும், கோவளத்தை அடுத்த வெள்ளாரில் 2021இல் திறந்த கேரளக் கலை கைவினைக் கிராமமும் இதற்குச் சான்று. இவை கலைஞருக்கு மரியாதையான கூரையையும் பார்வையாளரையும் தருகின்றன. ஆனால் வாங்குபவர் அங்கே சுற்றுலாப் பயணியாகவே வருகிறார். அடுத்த தெருவில் குடியிருந்துகொண்டு, தயிர்ச்சட்டி உடைந்ததும் வேறொன்று கேட்டு வருபவராக இல்லை.

நான்காவது விடை கியோட்டோவிலிருந்து வருகிறது. வலியசாலைக்கு மிக நெருக்கமானதும் அதுவே. கவாய் கன்ஜிரோ என்ற மாபெரும் குயவர் அந்நகரின் கோஜோசாகா பகுதியில், வீடுகள் நெருங்கிய தெருவில், 1937இல் தானே வடிவமைத்த வீட்டில் வாழ்ந்து வேலை செய்தார். இன்று அது காட்சியகம். தெருப்பக்கம் வீடு, நடுவில் முற்றம், பின்னால் வனையும் இடம், அதற்கும் பின்னால் சரிவில் ஏறும் பல அறைச் சூளை என்று அந்த மனை உள்நோக்கி நீள்கிறது. கவனிக்க வேண்டியது, அந்தச் சூளை அவர் ஒருவருக்கானதாக இருக்கவில்லை. அக்கம்பக்கத்துக் குயவர்களும் அதில் இடம்பிடித்துத் தங்கள் பாண்டங்களைச் சுட்டார்கள். நகரின் புகைக் கட்டுப்பாடுகள் இறுகியபோது இத்தகைய விறகுச் சூளைகள் கியோட்டோவின் நடுவே அணைந்துபோயின. மின்சூளையை வைத்துக்கொண்டும், விறகுச் சூளையை ஊருக்கு வெளியே கொண்டுபோயும் அந்நகரின் மண்பாண்டத் தொழில் தொடர்ந்தது. சூளையைக் கழற்றி வேறிடத்தில் வைத்தாலும் பட்டறை உயிரோடிருக்கும் என்பதற்கு இது வலுவான வரலாற்றுச் சான்று. வனையும் இடத்தையும் உலர்த்தும் இடத்தையும் அப்படிப் பிரித்துவிட முடியாது.

ஈரத்தின் கணக்கு

ஏன் பிரிக்க முடியாது என்பதை மண்ணின் இயல்பே சொல்லும். வனையும் பதத்திலுள்ள களிமண்ணின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் வெளியேறும்போது துகள்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன, பாண்டம் சுருங்குகிறது. விளிம்பு மெல்லியது, நாலு பக்கமும் காற்றுப் படுவது. ஆகவே முதலில் காயும். அடிப்பகுதி தடித்தது, பலகையில் ஒட்டி நிற்பது, ஆகவே பின்தங்கும். காய்ந்த விளிம்பு சுருங்கிவிட்ட பிறகும் அடி சுருங்க மறுத்தால், இரண்டுக்கும் நடுவே விரிசல் ஓடும். ஆனால் சுருக்கம் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது. துகள்கள் ஒன்றோடொன்று தொட்டுவிட்ட பிறகு இடுக்குகளில் மிஞ்சிய நீர்தான் வெளியேற வேண்டும்; அதை வேகமாக வெளியேற்றினாலும் விரிசல் வருவது குறைவு. ஆக, உலர்த்தலுக்கு ஒரே அறை போதாது. சுருங்கி முடியும்வரை மெதுவாக, நிழலில், காற்று அடங்கிய ஈரமான இடம் வேண்டும். அதன் பிறகு சூடான, காற்றோடும் இடம் வேண்டும். நிறம் வெளுத்துவிட்ட பானையைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கம் குயவர்களிடம் உண்டு. சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தோடு சூளைக்குள் போனால், 100 டிகிரியைத் தாண்டும்போது நீர் 1,600 மடங்குக்கும் மேல் விரிந்து ஆவியாகிப் பானையைச் சிதறடிக்கும். சூளையில் வெடிக்கும் பானைகளில் பல, உண்மையில் உலர்த்தும் இடம் சரியில்லாததால் கெட்டவை.

தட்டி உருவாக்கும் தென்னிந்தியப் பாண்டங்களில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமாகிறது. சக்கரத்தில் தடித்த சுவரோடு வனைந்த பானையை எடுத்து, பாதி உலர்ந்த பதத்தில் உள்ளே ஒரு கல்லை அணைகொடுத்து, வெளியே மரத்தட்டையால் தட்டித் தட்டி, அடியை மூடி, சுவரை மெலிதாக்குகிறார்கள். ஒருமுறை தட்டியதும் சற்று உலரவிட்டு மறுபடி தட்ட வேண்டும். மானாமதுரை கடத்தின் புகழ் இந்த உழைப்பில்தான் நிற்கிறது. அங்கே செய்யப்படும் கடம் கச்சேரி மேடைகளில் ஒலிக்கிறது. மானாமதுரை மண்பாண்டங்கள் 2023இல் புவிசார் குறியீடும் பெற்றன. சுவர் எங்கும் ஒரே கனத்தில் இருந்தால்தான் கடத்தில் நாதம் பிறக்கும். ஒரே கனம் கிடைக்க, தட்டும் ஒவ்வொரு வேளையிலும் பானை முழுவதும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். ஈரத்தை இப்படி மணிக்கணக்கில் பிடித்துவைக்கும் திறமைதான் கைதேர்ந்தவரைக் கற்றுக்குட்டியிடமிருந்து பிரிக்கிறது. அந்தத் திறமைக்குத் துணைநிற்காத பட்டறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அவருக்குச் சுமைதான்.

திருவனந்தபுரத்தின் வானிலையோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை; ஜூன் முதல் தென்மேற்குப் பருவம், அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவம். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால், முதல் கட்ட உலர்த்தல் தானாகவே மெதுவாகவும் சீராகவும் நடக்கும், விரிசல் குறையும். ஆனால் இரண்டாம் கட்டம் முடியவே முடியாது. மாசி, பங்குனியில் நிலைமை தலைகீழ். பொங்காலைக்கான பானைகள் மிகுதியாகத் தேவைப்படுவதும் அந்த மாதங்களை ஒட்டித்தான். ஆக, இங்கே கட்டும் பட்டறைக்கு ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு குணங்கள் ஒரே கூரைக்குள் தேவை. கோடையிலும் ஈரம் காக்கும் ஒரு பகுதி. மழையிலும் சூடு தேங்கும் இன்னொரு பகுதி. புதிதாக ஒரு கான்கிரீட் பெட்டியைக் கட்டினால் இரண்டையும் இயந்திரத்தால்தான் உண்டாக்க வேண்டியிருக்கும்.

மண் வந்துசேரும் விதமும் இதே கணக்கில் சேரும். கேரளத்தில் 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வயல்களைக் காத்தது. அது தேவையான சட்டம். அதே வேளையில், வயலடிக் களிமண்ணை நம்பியிருந்த குயவர்களுக்கு மண் கிடைப்பது அரிதாயிற்று. கிடைக்கும்போது வாங்கிச் சேமிப்பதே வழி. நாளொன்றுக்கு 25 கிலோ மண், ஆண்டுக்கு 250 வேலைநாட்கள் என்று வைத்துக்கொண்டால் ஆறேகால் டன் வருகிறது. ஈரமண்ணுக்கு அது ஏறத்தாழ மூன்றரைக் கன மீட்டர்; ஒன்றரை மீட்டர் நீள அகலமும் அதைவிடச் சற்றுக் கூடுதல் ஆழமும் உள்ள மூடிய தொட்டி ஒன்று போதும். ஊறிக் கிடக்கும் மண் நாள்பட நாள்பட இன்னும் நன்றாகக் குழையும் என்பதால், இந்தத் தொட்டி சேமிப்பறையாக இருக்கும்போதே மண்ணைப் பதப்படுத்தும் வேலையையும் செய்கிறது.

மூச்சு, முழங்கால், வெளிச்சம்

ஈரத்தை மையமாக்கச் சொல்வதற்கு இரண்டாவது காரணம் உடல்நலம். களிமண் ஈரமாக இருக்கும்வரை நல்லது. காய்ந்து தூளானால் அதிலுள்ள சிலிக்கா நுரையீரலுக்குள் போகும். அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் குணமில்லை. தொழிலிடங்களில் சுவாசிக்கும் படிகச் சிலிக்காவைப் புற்றுநோய்க் காரணி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது. எட்டு மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம் என்பது 2016இல் அமெரிக்கா வகுத்த வரம்பு. கண்ணுக்குத் தெரியாத அளவு அது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் சிலிக்கோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. ஆனால் மூன்று நான்கு பேர் வேலை செய்யும் குடிசைப் பட்டறை அத்தகைய சட்டங்களின் கண்ணில் படுவதில்லை. ஆய்வாளர் வர மாட்டார் என்றால், காக்கும் பொறுப்பைத் தரையும் சுவரும் ஏற்க வேண்டும். துடைப்பம் புழங்க வழியில்லாத பட்டறைதான் நல்ல பட்டறை. தரை வழவழப்பாக, ஒரு பக்கம் சற்றுச் சரிந்து, தண்ணீர் ஊற்றிக் கழுவத் தோதாக இருக்க வேண்டும். சுவரும் தரையும் சேருமிடத்தில் தூசி தங்கும் மூலை இருக்கக் கூடாது. காய்ந்த பொடிகளைக் கலந்து கிளேஸ் பூச்சு தயாரிக்கும் வேலை தனி அறையில், காற்றை வெளியே இழுக்கும் விசிறியோடு நடக்க வேண்டும்.

கழுவிய நீர் எங்கே போகும் என்பது வலியசாலையில் இன்னும் முக்கியமான கேள்வி. அருகிலுள்ள தம்பானூரும் கிழக்குக் கோட்டையும் ஒவ்வொரு பெருமழைக்கும் வெள்ளத்தில் மூழ்கியதால்தான் 2015இல் ஆபரேஷன் அனந்தா என்ற பெயரில் ஓடைகளைத் தூர்வாரும் பணி நடந்தது. 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோடு என்ற ஓடையைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். நாம் ஓடையில் விடுவதை எடுக்க வேறொருவர் இறங்க வேண்டியிருக்கும் என்பதை இந்நகரம் மறக்கக் கூடாது. பட்டறையின் ஒவ்வொரு துளிக் கழுவுநீரும் அடுத்தடுத்த மூன்று தொட்டிகளில் தேங்கி, மண் அடியில் படிந்து, தெளிந்த நீர் மட்டுமே வெளியேற வேண்டும். படிந்த மண் மீண்டும் ஊறல் தொட்டிக்கே போகும். மண்ணுக்குத் தட்டுப்பாடுள்ள ஊரில் அது லாபமும்கூட.

அடுத்தது உடம்பின் இருப்பு. தரையோடு தரையாகச் சக்கரம் சுழல, குந்தியபடி வனைவது நம் மரபு. அந்தக் கோணத்தில் தோளின் பலம் நேராக மண்ணில் இறங்கும் என்பதால் பழகியவர் அதை எளிதில் விட மாட்டார். காதி கிராமத் தொழில் ஆணையம் 2018இல் தொடங்கிய திட்டத்தின் வழியே மின்சக்கரங்கள் நாடெங்கும் பரவின. கோல்போட்டுச் சுழற்றும் களைப்பை அவை போக்கின. முழங்காலின் பிரச்சினை அதனால் மட்டும் தீராது. சக்கரத்தை அதே உயரத்தில் விட்டு, உட்காரும் இடத்துக்கு முன்னால் தரையில் ஒரு குழி அமைத்து, கால்களைத் தொங்கவிட வழி செய்தால் பழகிய கோணமும் மாறாது, மூட்டும் பிழைக்கும். மண்ணைப் பிசையும் மேடை, நின்று கையைத் தொங்கவிட்டால் விரல்மொளி தொடும் உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் உடல் எடை உதவாது, முதுகுதான் வேலை செய்யும். வெளிச்சத்திலும் இறக்குமதியான விதி ஒன்றைத் திருத்தியாக வேண்டும். கலைஞர் அறைக்கு வடக்குச் சன்னல் வைத்தால் நேர்வெயில் வராது என்பது ஐரோப்பியப் பாடம். எட்டரை டிகிரி அட்சரேகையிலுள்ள திருவனந்தபுரத்தில் ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் கடைசிவரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கிறது. இங்கே வடக்குச் சன்னலுக்கும் தெற்குச் சன்னலைப் போலவே நீண்ட தாழ்வாரம் வேண்டும். இல்லாவிட்டால் வருடத்தில் நாலரை மாதம் பச்சைப் பானையின் ஒரு பக்கத்தில் மட்டும் வெயில் விழும்.

தெருவீட்டுக்குள் பட்டறை

இந்தத் தேவைகளை வலியசாலையின் பழைய வீட்டோடு பொருத்திப் பார்க்கலாம். ஐந்து மீட்டர் முகப்பும் முப்பது மீட்டர் நீளமும் கொண்ட, பின்பக்கம் சந்து உள்ள மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்சந்து கட்டாயம், மண் வண்டி தெருவாசல் வழியாக வந்தால் வீடு முழுக்கத் தூசியாகும். கொல்லையில் கிணற்றை ஒட்டி ஊறல் தொட்டி, தெளிவுத் தொட்டிகள், தனிக் கொட்டகையில் ஒரு சிறு மின்சூளை. இரண்டாங்கட்டில் மண் பிசையும் மேடை. கூடத்தில், முற்றத்தைப் பார்த்தபடி ஆசிரியரின் சக்கரமும் அதைச் சுற்றி மாணவர் சக்கரங்களும். முற்றத்தின் வெளிச்சம் மேலிருந்து இறங்குவதால் பானையின் எல்லாப் பக்கமும் தெரியும். தெருவுக்கும் கூடத்துக்கும் நடுவேயுள்ள ரேழி இருட்டானது, சன்னலற்றது, எப்போதும் குளிர்ந்தது. குடியிருப்போர் குறையாகச் சொல்லும் இந்தக் குணங்கள் எல்லாம் முதல் கட்ட உலர்த்தலுக்கு வேண்டியவை. ஈரக் கோணியும் கதவும் போட்டால் கோடையிலும் அங்கே பதம் காக்கலாம். ஒரு காலத்தில் நெல்லும் பாத்திரமும் வைத்த மச்சு, ஓட்டின் சூட்டை வாங்கி எந்நேரமும் கதகதப்பாக இருக்கும். ஓட்டு இடுக்குகளின் வழியே காற்றும் வெளியேறும். சுருங்கி முடிந்த பானைகளை அங்கே ஏற்றினால் இரண்டாம் கட்டம் வேகமாக முடியும். ஏற்றி இறக்கக் கூடத்தின் ஓரத்தில் கப்பியில் இழுபடும் பலகை ஒன்றும், பாரம் தாங்க விட்டங்களுக்குக் கூடுதல் முட்டும் வேண்டும். திண்ணை விற்பனைக்கும் பேச்சுக்கும்.

மாற்றிக் கட்ட வேண்டிய இடங்களுக்கு வழிகாட்டி இதே நகரத்தில் இருந்தார். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) நாலாஞ்சிறையில் தனக்கென எழுப்பிய வீடும், உள்ளூர் என்ற பகுதியில் வடிவமைத்த வளர்ச்சி ஆய்வு மையமும், வலியசாலைக்கு அருகே தம்பானூரில் திருகுபோல ஏறும் இந்தியன் காபி ஹவுஸும் செங்கல்லால் வெளிச்சத்தையும் காற்றையும் எப்படி வடிகட்டலாம் என்று காட்டுகின்றன. செங்கல்லைக் குத்தி நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் அவரது சுவர் முறையில் செங்கல் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சம். அந்த வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். கொல்லைப்பக்கத்துச் சுவரைத் துளையிட்ட செங்கல் வலையாகக் கட்டினால் நேர்வெயில் இல்லாத காற்று கிடைக்கும். ஆனால் மழைக்காலத்தில் அதே வலை சாரலையும் ஈரத்தையும் உள்ளே விடும். ஆகவே உட்பக்கம் மரக்கதவு சேர்ப்பது இங்கே அவசியம்.

எதிர்வாதங்கள்

சூளையைச் சிறிதாக்கிப் பெரும்பங்கு சுடுதலை வெளியே அனுப்புவது குயவரின் கலையைப் பாதியாக வெட்டுவது என்று வலுவான ஆட்சேபம் எழும். தீயின் போக்கும் சாம்பலின் படிவும் பாண்டத்தின் முகத்தை மாற்றுகின்றன. அதைப் பக்கத்திலிருந்து ஆளாதவர் எப்படி முழுக் கலைஞர் ஆவார்? இந்த ஆட்சேபத்தின் உண்மையை ஏற்க வேண்டும். அதற்கு விடை, சுடுதலை இரண்டாகப் பிரிப்பது. வீட்டு மின்சூளையில் 900 டிகிரியளவில் முதல் சுடுதல் முடிந்தால், களிமண் இனி கரையாத சுடுமண்ணாகிவிடும். 573 டிகிரியில் சிலிக்காப் படிகம் திடீரென விரியும் ஆபத்தான கட்டத்தையும் அது பொறுமையாகக் கடந்திருக்கும். அப்படிச் சுட்டதை வைக்கோலில் பொதிந்து எங்கும் கொண்டுபோகலாம். 1,200 டிகிரிக்கு மேல் போகும் இரண்டாம் சுடுதலும், விறகுத் தீ வேண்டும் வேலையும் நகரத்துக்கு வெளியே பல குயவர்கள் பகிரும் பொதுச்சூளையில் நடக்கட்டும். ஆசிரியர் மாணவர்களோடு அங்கே போய் இரவு முழுக்கத் தீயோடு இருக்கட்டும். கவாயின் தெருவிலும் நம் வேளார் தெருக்களிலும் சூளை என்றுமே பலருக்குப் பொதுவானதாகத்தான் இருந்தது. தனிச்சூளை என்ற ஆசை பின்னால் வந்தது.

ஈரப்பதம் நீக்கும் கருவி வாங்கி வைத்தால் இத்தனை யோசனை எதற்கு என்பது இன்னொரு கேள்வி. கருவிக்கு இடமுண்டு, ஆடி மாத மழையில் மச்சில் அதை ஓடவிடலாம். ஆனால் கருவி அறை முழுவதையும் ஒரேயளவு உலர்த்தும். குயவருக்கு வேண்டியதோ, ஒரே வேளையில் பல பதங்கள். காலையில் வனைந்ததும், நேற்றுத் தட்டியதும், நாளை சூளைக்குப் போக வேண்டியதும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இருட்டறையும் முற்றமும் மச்சும் கொண்ட வீடு மின்சாரம் இல்லாமலே அந்த வேறுபாடுகளை உண்டாக்குகிறது. மின்வெட்டில் நின்றுபோகும் ஏற்பாட்டை நம்பி ஒரு மாத உழைப்பை அலமாரியில் வைக்க முடியாது.

மூன்றாவது ஆட்சேபம், நம் மூத்த குயவர்கள் வெறுந்தரையிலும் ஓலைக் கொட்டகையிலும் மகத்தான வேலை செய்திருக்கிறார்களே, அவர்களுக்கு வடிவமைப்பு எதற்கு என்பது. அய்யனார் கோயில்களின் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட சுடுமண் குதிரைகள் எந்தக் கட்டடக் கலைஞரின் வரைபடத்துக்குள்ளும் பிறக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பெருமையை வறுமைக்கான நியாயமாக்குவது அநியாயம். தூசி அவர்கள் நுரையீரலையும் பிடித்தது. முழங்கால்கள் அவர்களுக்கும் தேய்ந்தன. பிள்ளைகள் தொழிலை விட்டுப் போனதற்கு வருமானக் குறைவோடு இந்த உடல்வருத்தமும் காரணம். அவர்கள் கொட்டகையில் தாமாகக் கண்டுபிடித்த ஈர நிழலையும் காற்றுப் பக்கத்தையும் கவனித்து, அதே அறிவை உறுதியான கூரைக்குள் கொண்டுவருவதுதான் வடிவமைப்பாளரின் வேலை. வரைபடத்தின் முதல் கோட்டைக் குயவரே போட வேண்டும். எந்தப் பானை எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்பதை அவரைத் தவிர யாரும் சொல்ல முடியாது.

கடைசி ஆட்சேபம் சொல்லப்படாமல் மனதில் நிற்பது. ஆகவே சொல்லியே தீர வேண்டும். அக்ரஹாரத் தெருவில் குயவர் பட்டறையா? தெருக்கள் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த திருவிதாங்கூரில்தான், கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924–25இல் வைக்கம் போராட்டம் நடந்தது. 1936இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. மண்ணைத் தொட்டு வாழ்பவரின் வேலைக்கு இந்தத் தெருக்களில் இடமில்லாதிருந்தது தற்செயல் அன்று. பழைய வீடுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று விரும்புவோர், அவற்றைக் கட்டிக்காத்த சமூக ஒழுங்கையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியதில்லை. ஓட்டுக்கூரையும் முற்றமும் மச்சும் நிலைக்க ஒரே வழி, அவற்றுக்கு இன்று உண்மையான பயன் கிடைப்பது. அந்தப் பயனைத் தருபவர் சில ஆண்டுகளில் வாடகை ஏறி வெளியேற்றப்படக் கூடாது என்பதால், நீண்டகாலக் குத்தகையோ கூட்டுறவு உடைமையோ எழுத்தில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தரைச் சரிவும் தொட்டியும் பற்றிய நம் பேச்சுக்குப் பொருளில்லை.

ஆக, மூத்த குயவருக்குப் பட்டறை என்ற கேள்விக்கு விடை சூளையின் அளவில் இல்லை. மண் வண்டி நிற்கும் சந்திலிருந்து பானை விற்கும் திண்ணைவரை, ஈரம் எந்த இடத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை வரிசைப்படுத்துவதில் இருக்கிறது. அந்த வரிசையைப் பெருமளவு ஏற்கெனவே தனக்குள் வைத்திருக்கும் வீடுகள் வலியசாலையில் இன்னும் நிற்கின்றன. மாநகராட்சியும் மாநிலக் கைவினை நிறுவனங்களும் சேர்ந்து அப்படி ஒரு வீட்டை எடுத்து, நகருக்கு வெளியே ஒரு பொதுச்சூளையையும் அமைத்து, ஒரு கைதேர்ந்த குயவரையும் அவருடைய மாணவர்களையும் உறுதியான உரிமையோடு குடியமர்த்த முடியும். புதிய கைவினை வளாகம் கட்டும் செலவில் சிறு பங்குதான் இதற்கு ஆகும். ஆற்றுகால் பொங்காலைக்கு வரும் பெண்கள் அடுத்த தெருவில் வனைந்த பானையில் பொங்கலிட இதற்கு மேல் தடையாக நிற்பது மன உறுதிக் குறைவு ஒன்றுதான்.